படிமங்களை அகற்றிய நகரில் படிமங்களுக்கு ஓர் இல்லம்

திருச்சபை வரலாறு பயிலும் மாணாக்கருக்குச் சூரிச் என்றவுடன் சுவிங்கிலியின் பெயர் நினைவிற்கு வரும். 1519ஆம் ஆண்டின் முதல் நாளில் அந்நகரின் பெருங்கோயிலாகிய குரோஸ்முன்ஸ்டரில் அவர் திருமறையைத் தொடர்ச்சியாக விளக்கத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில் அவ்விளக்கத்தின் விளைவு கோயிற் சுவர்களில் தெரிந்தது. 1524 ஜூன் மாதத்தில், நகர மன்றத்தின் ஆணைப்படி, கதவுகளை அடைத்துக்கொண்டு, தச்சரும் கொத்தரும் கொல்லரும் துணைநிற்க, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் நகரத்துக் கோயில்களிலிருந்த புனிதர்களின் சுரூபங்களும் ஓவியங்களும் அகற்றப்பட்டன. பின்னர்ச் சுவர்களுக்கு வெள்ளை பூசினர்.

அதே நகரம் 428 ஆண்டுகளுக்குப் பின்னர், 1952இல், ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகிய நிலப்பரப்புகளின் படிமங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. ரீட்பெர்க் அருங்காட்சியகம் என்பது அதன் பெயர். தன் சொந்தப் புனிதர்களை வெளியேற்றிய ஊர், பிறருடைய தெய்வங்களுக்கு மாளிகை கொடுத்தது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறான செயல்களாகத் தோன்றும். இரண்டும் உடன்பிறப்புகள் என்பது நம் துணிபு. அதனை விளக்குவதே இம்மதிப்பீட்டின் நோக்கமாகும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். நகரின் நடுப்பகுதியிலிருந்து 7ஆம் எண் டிராம் வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் அருங்காட்சியகத்தின் பெயரையே தாங்கிய நிறுத்தத்தில் இறங்கலாம். அங்கிருந்து மேடேறினால் ரீட்டர் பூங்கா. அகன்ற புல்வெளியும், முதிர்ந்த மரங்களும், கிளைகளின் இடைவெளியில் ஏரியின் தோற்றமுமாக, ஆங்கில முறையில் அமைந்த பழந்தோட்டம் அது. மேட்டின் மேல் வெண்ணிற மாளிகை ஒன்று நிற்கிறது. பட்டு வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஓட்டோ வேசென்டோங்க் என்பார்க்காக லியோன்ஹார்டு சாய்காஹர் என்னும் கட்டடக் கலைஞர் அதனைக் கட்டினார். 1857இல் அக்குடும்பம் அங்குக் குடியேறியது. அவ்வாண்டிலேயே, இசை மேதை ரிச்சர்டு வாக்னர் அம்மாளிகையை அடுத்திருந்த சிறு வீட்டில் அவர்களுடைய விருந்தினராகத் தங்கினார். வீட்டுத் தலைவியாகிய மத்தில்தேவின் பாடல்களுக்கு அவர் இசையமைத்ததும், அந்நட்பு இரு குடும்பங்களையும் கலக்கியதும், 1858இல் அவர் வெளியேற நேர்ந்ததும் பலர் அறிந்தவை. அவற்றில் நாம் நிற்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்போம். புத்தர் காலத்துக் கதையொன்றை இசைநாடகமாக்க 1856இலேயே குறிப்பெழுதி வைத்து, அதனை முடிக்காமலே விட்டவர் வாக்னர். கீழ்நாட்டுச் சமயங்களைப் பற்றிய ஆவல் அப்பூங்காவிற்கு அருங்காட்சியகத்தோடு வந்ததன்று.

பின்னர் அச்சொத்து வின்டர்தூர் நகரத் தொழிற்குடும்பமாகிய ரீட்டர் குடும்பத்தாரின் கைக்கு மாறியது. நூற்பு இயந்திரங்களால் உயர்ந்த குடும்பம் அது. நம் கொங்குநாட்டு நூற்பாலைகளில் பணிபுரிந்த சபையார்க்கு ரீட்டர் என்னும் பெயர் புதிதாயிராது. 1945இல் சூரிச் நகராட்சி பூங்காவை வாங்கியது. மாளிகையை அருங்காட்சியகம் ஆக்குவதற்கு 1949இல் நகர மக்கள் வாக்களித்து இசைவு தந்தனர். படிமங்களை அகற்றியதும் நகர மன்றம், படிமங்களுக்கு இடந்தந்ததும் நகர மக்கள். குருமாருக்கு இதில் கருத ஒன்றுண்டு: இரு முறையும் தீர்மானித்தவர்கள் குடிமக்களேயன்றிக் குருகுலத்தார் அல்லர்.

‘ஐரோப்பாவைச் சாராத கலை’ என்னும் தொகுப்புப் பெயர் நம்மை முதலில் உறுத்தியது. ஒன்றைச் சுட்டுவதற்கு அஃது இன்னது என்று கூறாமல் இன்னது அன்று என்று கூறுவது எத்தகைய பெயரீடு? சீன நாட்டுப் போதிசத்துவரையும், மேற்காப்பிரிக்க முகமூடியையும், பெரு நாட்டு மட்கலத்தையும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ப்பது அவற்றின் ஒற்றுமை அன்று. ஐரோப்பியர் அல்லாதார் செய்தவை என்னும் ஒரே குறிப்பு. ஆயினும் கல்லெறிய நமக்குக் கை எழவில்லை. ‘கிறிஸ்தவரல்லாதார்’, ‘பிற சமயத்தார்’, ‘புறவினத்தார்’ என்றெல்லாம் நம் இறையியல் வகுப்புகளில் நாள்தோறும் பெயரிடுகிறோம் அல்லவா? அண்டை வீட்டாருக்கு அவருடைய பெயரே உண்டென்பதை அருங்காட்சியகத்தார் மறந்ததைவிட நாம் மிகுதியாக மறந்திருக்கிறோம்.

அப்பெயரீட்டிற்கு அந்த இல்லத்திலேயே மறுப்பும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்து மலைப்பள்ளத்தாக்காகிய லோட்சென்டாலின் மரமுகமூடிகளும் அத்தொகுப்பில் உள்ளன. தபசு காலத்திற்கு முந்திய விழா நாள்களில், ஆட்டுத்தோலைப் போர்த்து அவற்றை அணிந்துகொண்டு அப்பள்ளத்தாக்கு இளைஞர் தெருக்களில் திரிவர். அவர்கள் ஐரோப்பியரே, கிறிஸ்தவரே. இருந்தும் நகரத்து ஆய்வாளரின் கண்ணுக்கு அவர்களும் தொலைதூர மாந்தராகவே தோன்றினர் போலும். ‘ஐரோப்பாவைச் சாராத’ என்பதன் எல்லைக்கோடு நிலப்படத்தில் இல்லை, பார்ப்பவரின் இருக்கையில் இருக்கிறது என்பதற்கு இம்முகமூடிகளைவிட நல்ல சான்று வேண்டா.

காட்சி அமைப்பைக் குறைகூற இயலாது. 2007இல் மாளிகைக்கு அடுத்து மரகத நிறக் கண்ணாடி மண்டபம் ஒன்றையும், அதன்கீழ் நிலத்தடிக் கூடங்களையும் கட்டினார்கள். பூங்காவின் தோற்றத்தைக் கெடுக்காமல் இடத்தைப் பெருக்கிய திறம் பாராட்டத்தக்கது. வெயிலிலிருந்து கண்ணாடி வழியே நுழைந்து படியிறங்கினால், இருள் தோய்ந்த அமைதி. ஒவ்வொரு படிமத்தின்மேலும் அளந்து விழும் ஒளி. மக்கள் குரலைத் தாழ்த்தியே பேசுகின்றனர். தொப்பியைக் கழற்றியவரையும் கண்டோம். நம் ஆலயங்களில் ஆராதனைக்கு முன்னர் இத்தகைய அமைதி கிடைப்பது அரிது என்பதைச் சற்றே பொறாமையுடன் எழுதுகிறோம்.

ஆனால் அந்த அமைதி எதன்பொருட்டு? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர் அங்கு நின்றே தீரவேண்டிய இடம் ஒன்றுண்டு. சோழர் மரபில் வார்க்கப்பட்ட நடராசர் திருவுருவம், அருங்காட்சியகத்தின் மூலக்கொடையாளராகிய எடுவார்டு ஃபொன் டெர் ஹைட் அவர்களின் தொகுப்பிலிருந்து வந்தது, அங்கே இருக்கிறது. பார்வையாளர் அதனைச் சுற்றி வந்து, தூக்கிய திருவடியின் சமநிலையையும் விரிந்த சடையின் வளைவையும் வியக்கின்றனர். வியப்பு நியாயமானதே. ஆயினும் இத்தகைய செப்புத் திருமேனியை அதற்குரிய ஊரில் எவரும் இவ்வாறு கண்டதில்லை. விழாவிற்குரிய உலாத் திருமேனிகள் பட்டும் பூமாலையும் அணிந்தே வெளிவரும். முகமும் கையும் தவிர மற்றவை மறைந்திருக்கும். பீடத்தின் துளைகளிலும் வளையங்களிலும் தண்டு கோத்துத் தோளில் சுமப்பர். கூட்டமும் கற்பூரப் புகையும் மேளமும் சூழ, ஆடும் தெய்வம் உண்மையிலேயே அசைந்து அசைந்து தெருவில் வரும். இங்கோ அணியின்றி, அசைவின்றி, முழுவதும் காண நிற்கிறது. கலைஞன் செய்தது முழுமையாகத் தெரிகிறது. அடியார் செய்து வந்தது முழுமையாக மறைந்துபோயிற்று.

இதன் தொடர்பில் சொல்லாராய்ச்சி ஒன்று நம் மாணாக்கருக்குப் பயன்படும். இவ்வொரே பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. வழிபடுவோர்க்கு அது திருமேனி. அருங்காட்சியகத்தார்க்குச் சிற்பம் அல்லது கலைப்பொருள். நமக்கு, நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பு கற்றுத்தந்தபடி, விக்கிரகம். விக்கிரகம் என்பது வடமொழியிலும் கோயில் வழக்கிலும் மதிப்பிற்குரிய சொல்லே. நம் மொழிபெயர்ப்பாளர் அதனைக் கடிந்துரைக்கும் இடத்தில் அமர்த்தியதால், நம் செவிக்கு அது வசைச்சொல் ஆயிற்று. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமேனி என்பாரும் விக்கிரகம் என்று கடிவாரும் ஒரு செய்தியில் உடன்படுகின்றனர்: இப்பொருள் மனிதனை நோக்கி ஒன்றைக் கோருகிறது. ஒருவர் அக்கோரிக்கைக்கு இணங்குகிறார், மற்றவர் மறுக்கிறார். கலைப்பொருள் என்பவர் ஒருவரே அப்படியொரு கோரிக்கை இருந்ததையே கேளாதவர்.

பவுலடியார் அத்தேனே பட்டணத்தில் செய்ததை இவ்விடத்தில் நினைக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் அவரைப் பற்றி இரண்டு செய்திகளைத் தருகிறது. அவ்வூர்ப் படிமங்களைக் கண்டு அவருடைய ஆவி வைராக்கியம் கொண்டது. அதே சமயத்தில் அவர் அவற்றைக் கூர்ந்து கவனித்துக்கொண்டும் நடந்தார். ஒரு பலிபீடத்தின் எழுத்தைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் அளவிற்குக் கவனித்தார். நம் பிரசங்கிகளிற் பலர் முதற்செய்தியை மட்டும் கைக்கொண்டு, பாராமலே சினப்பர். அருங்காட்சியகமோ இரண்டாம் செய்தியை மட்டும் கைக்கொண்டது. கூர்ந்து பார்ப்பதற்கு வேண்டிய எல்லாம் அங்குண்டு. எவர் ஆவியும் எதற்கும் கலங்குவதில்லை.

சுவிங்கிலிக்கு இது வியப்பளித்திராது. அவர் எல்லாப் படிமங்களையும் பகைத்தவர் அல்லர். கோயிலுக்கு வெளியே வரலாற்றைக் காட்டும் ஓவியங்களை அவர் பொறுத்தார். சாளரக் கண்ணாடிகளிலுள்ள உருவங்களை ஒருவரும் வணங்குவதில்லையாதலின் அவற்றால் தீங்கில்லை என்றார். ஆகவே அவர் வைத்த அளவுகோல் வணக்கம் பெறுகிறதா இல்லையா என்பதே. வணக்கத்திலிருந்து பிரித்துவிட்டால் உருவம் வெறும் மரமும் கல்லுமாகும். 1524இல் கோடரியால் செய்யப்பட்ட இப்பிரிப்பை, அருங்காட்சியகம் விளக்கொளியாலும் கண்ணாடியாலும் செய்கிறது. ரீட்பெர்க்கில் உள்ளது சுவிங்கிலியின் அளவுகோலுக்கு முற்றும் இணங்கிய தெய்வக் கூட்டம். உடன்பிறப்புகள் என்று நாம் மேலே கூறியதன் பொருள் இதுவே.

எனினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதில் பழைய செயலே உயர்ந்தது என்போம். 1523இல் கிளவுஸ் ஹோட்டிங்கர் என்னும் செம்மார் தொழிலாளி, நகர்ப்புறத்துச் சிலுவைச் சுரூபம் ஒன்றைச் சாய்த்தார். அம்மரத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பதே தம் எண்ணம் என்று அவர் கூறினார். நாடு கடத்தப்பட்டு, அடுத்த ஆண்டு லூசெர்ன் நகரில் தலையிழந்தார். அவர் செயலை நாம் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் கடவுளின் உயிருள்ள சாயலாகிய ஏழை பசித்திருக்க, மரச்சாயலுக்குப் பொன்பூச்சு எதற்கு என்னும் வினா அவரிடமும் சுவிங்கிலியிடமும் இருந்தது. மற்றொன்று, பலர் அறியாதது. படிமங்களை அகற்றுமுன், அவற்றைக் காணிக்கையாக வைத்த குடும்பத்தார் தங்கள் பொருளைத் தாங்களே எடுத்துச் செல்லலாம் என்று நகர மன்றம் வாய்ப்பளித்தது. இஃது யாருடையது என்னும் வினா கோடரிக்கு முன்னரே கேட்கப்பட்டது.

1952இன் இல்லத்தில் அவ்வினா நெடுங்காலம் கேட்கப்படவில்லை. ஃபொன் டெர் ஹைட் ஜெர்மனியில் பிறந்த வங்கியாளர், நுண்ணிய சுவையுடையவர். உலகக் கலை அனைத்தும் ஒன்றே என்னும் கொள்கையினர். தம் சேகரிப்பைப் பல நாட்டு அருங்காட்சியகங்களில் இரவலாக வைத்திருந்தவர். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவரும் அவரே. 1937இல் சுவிஸ் குடியுரிமை பெற்றார். போர்க்காலத்தில் ஜெர்மன் உளவுத்துறையின் பணப் பரிமாற்றத்திற்குத் துணைபோனார் என்னும் வழக்கில் 1948இல் இராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. உலகம் முழுவதன் கலையையும் ஒருங்கே நேசிக்கும் உள்ளம், மனிதரை இனம்பிரித்து அழித்த கட்சியின் உறுப்பினர் அட்டையையும் வைத்திருக்க முடிந்தது. அழகுணர்ச்சி அறவுணர்ச்சிக்கு வழிகாட்டும் என்று நம்புவோர் இவ்வாழ்க்கையைப் படிக்கட்டும்.

அண்மைக் காலத்தில் அருங்காட்சியகம் இவ்வினாவைத் தானே எழுப்பத் தொடங்கியிருப்பது பெரிதும் மெச்சத்தக்கது. நைஜீரியாவிலுள்ள பெனின் அரசின் தலைநகரை 1897இல் பிரித்தானியப் படை தாக்கி, அரண்மனையைக் கொள்ளையிட்டு, மன்னரை நாடுகடத்தியது. முன்னோர் பலிபீடங்களின்மேல் வைத்து வழிபடப்பட்ட பித்தளைத் தலைகள் ஐரோப்பியச் சந்தைகளில் விலைபோயின. சுவிட்சர்லாந்தின் எட்டு அருங்காட்சியகங்கள் 2021 முதல், ரீட்பெர்க்கின் தலைமையில், நைஜீரிய ஆய்வாளருடன் சேர்ந்து தங்களிடமுள்ள பெனின் பொருள்களின் வரலாற்றைத் துருவின. 2023இல் வெளியான அறிக்கையின்படி, ஆராய்ந்த 96 பொருள்களுள் 53 அக்கொள்ளையில் எடுக்கப்பட்டவை அல்லது எடுக்கப்பட்டிருக்கக் கூடியவை. பாதிக்கு மேல் என்க.

இத்தகைய கணக்கெடுப்பை வறண்ட அலுவலகப் பணி என்று இறையியலார் தள்ளிவிடலாகாது. எஸ்றாவின் நூல் எவ்வாறு தொடங்குகிறது? நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து கொண்டுபோய்த் தன் தேவனுடைய கோயிலில் வைத்த பணிமுட்டுகளைக் கோரேசு எடுத்துவரச் செய்கிறான். பொக்கிஷக்காரன் மித்திரேதாத் அவற்றை எண்ணி யூதாவின் அதிபதியிடம் ஒப்புவிக்கிறான். தட்டுகள் இத்தனை, கத்திகள் 29, கிண்ணங்கள் இத்தனை, ஆக 5,400. சிறையிருப்பின் முடிவைச் சொல்லவந்த நூலாசிரியர், பாட்டிற்கும் புகழ்ச்சிக்கும் முன்னர் ஒரு பொருட்பட்டியலை எழுதுகிறார். உடன்படிக்கைப் பெட்டியின் கதையும் அத்தகையதே. பெலிஸ்தர் அதனைப் போர்க்கொள்ளையாகத் தாகோனின் கோயிலில் வைத்தனர். ஏழு மாதம் சென்றபின், வெறுமையாக அன்று, குற்றநிவாரண காணிக்கையோடு திருப்பி அனுப்பினர். பிறருடைய கோயிலில் காட்சிப்பொருளாக நிற்பது எத்தகையது என்பதை இழந்தவர் பக்கத்திலிருந்து அறிந்த மக்களின் நூல் நம் கையில் இருக்கிறது. படிமங்களைப் பற்றிய இரண்டாம் கட்டளையை மட்டுமே ஏந்தி அருங்காட்சியகத்தினுள் நுழையும் புரோட்டஸ்தாந்தர், எட்டாம் கட்டளையையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். (லுத்தரன் சகோதரர் தங்கள் எண்ணிக்கைப்படி ஏழாவது என்று திருத்திக்கொள்க.)

எட்டாம் கட்டளையால் தீராத வழக்கும் உண்டு. அது நம் சொந்த வீட்டைச் சார்ந்தது. 1821இல் பசிபிக் கடலின் ரூருட்டுத் தீவினர், புதிதாக நற்செய்தியை ஏற்றபின், தங்கள் தெய்வமாகிய ஆஆவின் மரவுருவத்தை இலண்டன் மிஷன் சங்கத்தாரிடம் தாங்களே கொண்டுவந்து கொடுத்தனர். சங்கம் அதனை இலண்டனில் தன் காட்சிசாலையில் வைத்தது. இன்று அது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நாகர்கோவிலிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் சபைகளை நட்ட அதே சங்கம்தான். இங்குக் கொள்ளை இல்லை, மனமுவந்த கையளிப்பே. எனினும் மனந்திரும்பியவர் அழிக்கும்படி கொடுத்தனரா, சான்றாக வைக்கும்படி கொடுத்தனரா? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதனை எங்கே காண விரும்புவர்? விட்டுவிட்ட தெய்வத்தின்மேலும் ஒரு மக்களுக்கு உரிமை உண்டோ? உண்டு என்றே நாம் எண்ணுகிறோம். நம் உடன் ஆசிரியருள் சிலர் இதற்கு இசையார் என்பதும் அறிவோம். இவ்விதழில் அவர்கள் மறுமொழி எழுதினால் மகிழ்வோம்.

சூரிச்சின் கோயில்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. வெள்ளை பூசிய சுவர்கள் வெள்ளையாகவே உள்ளன. ஆயினும் ஃபிரவ்முன்ஸ்டரின் பீடப்பகுதியில் 1970 முதல் மார்க் சகாலின் ஐந்து வண்ணச் சாளரங்கள் ஒளிர்கின்றன. சுவிங்கிலியின் பிரசங்க பீடம் இருந்த குரோஸ்முன்ஸ்டரிலேயே 2009இல் சிக்மார் போல்கேயின் சாளரங்கள் அமைந்தன. உருவம் சாளரத்தின் வழியே திரும்பிவிட்டது. சுவிங்கிலி திறந்துவைத்த வழிதான் அது. சுற்றுலாவினர் அங்கும் குரலைத் தாழ்த்தி நின்று பார்க்கின்றனர். ஆராதனைக்கு வருவோர் சிலரே. கோயில் அருங்காட்சியகமாகும் நிலை நமக்கு அயலாரின் செய்தி மட்டுமன்று.

ஆயினும் சூரிச்சில் உயிருள்ள வழிபாடு இல்லாமலில்லை. 1980களில் போரினால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர், நகரை அடுத்த அட்லிஸ்வீலில் முருகனுக்குக் கோயில் அமைத்துள்ளனர். கிறிஸ்தவத் தமிழ்ச் சபைகளும் அந்நாட்டில் கூடிவருகின்றன. ரீட்பெர்க்கில் நிற்கும் நடராசரைக் காணவரும் சூரிச்வாசிகளுள், அவ்வுருவத்தின் பெயரைத் தாய்மொழியிற் சொல்லக்கூடியோரும் இன்று இருக்கின்றனர். அவருள் ஒருவர் அதன்முன் கைகூப்பினால் காவலர் என் செய்வார்? தடுக்கமாட்டார் என்றே நம்புகிறோம். நம் போதகர் ஒருவர் அருகில் நின்றால் என் செய்வார் என்பதே நமக்குக் கடினமான வினா. முகத்தைத் திருப்பிக்கொள்வது பவுலின் வழியன்று. தாமும் சேர்ந்து கைகூப்புவது நம் அறிக்கைக்கு ஒவ்வாது. அம்மனிதர் கைகூப்பி முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, பின்னர் அவரோடு பேசலாம்.

அருங்காட்சியகத்தாரிடம் கேட்க நமக்கு வேண்டுகோள் ஒன்றுண்டு. இத்தகைய இல்லங்களின் பெயர்ச்சீட்டுகள் பொதுவாகப் பிறந்த நாடு, நூற்றாண்டு, உலோகம், கொடையாளர் ஆகிய நான்கையும் தெரிவிக்கும். உருவம் செய்யப்பட்ட காலம் நமக்குத் தெரிகிறது; அன்பளிப்பாக வந்த காலமும் தெரிகிறது. பெனின் ஆய்வு அவ்விரண்டிற்கும் இடையில் 1897 என்னும் ஆண்டை எழுதியது. மற்றப் படிமங்களுக்கும் அத்தகைய ஒரு வரி வேண்டும்: எவ்வூரில், எவருடைய கையால், எந்த ஆண்டு வரை இதற்கு விளக்கேற்றப்பட்டது என்பது.